தைய தையா ஏறிய மலை

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் வண்டியின் ஓசை மாறுகிறது. அதுவரை சாதாரண பாசஞ்சர் ரயிலைப் போலத் தடதடத்து வந்தது, ஆள் கூடவே நடந்து வரலாம் என்கிற அளவுக்குத் தணிகிறது. தண்டவாளங்கள் இரண்டுக்கும் நடுவே, பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன. எஞ்சினின் அடிவயிற்றிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களில் பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு சின்ன அதிர்வு. பெட்டியின் முன்மேடையில் நின்றிருந்த பிரேக்ஸ்மேன் பின்னால் திரும்பிப் பச்சைக் கொடியை நீட்டினார். வண்டி மலையேறத் தொடங்கியது.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு ஊட்டிக்குக் கிளம்பும் இந்த மலை ரயிலில் நான் ஏறியது ஒரு பாட்டுக்காக. 1998-இல் வந்த மணிரத்னத்தின் ‘தில் சே’, தமிழில் ‘உயிரே’. அதில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘தைய தையா’வுக்கு ஷாருக் கானும் மலைகா அரோராவும் இந்த மலை ரயிலின் கூரைமேல் ஆடினார்கள். நடனம் ஃபாரா கான், ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன். ஓடும் வண்டிமேல் நிஜமாகவே ஆடியது அது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் நாயகனை நினைவில் வைத்திருக்கிறார்கள், பாலங்களையும் பச்சை மலையையும்கூட. அத்தனை பேரைக் கூரைமேல் சுமந்த வண்டியை ஓட்டியது யார், பிரேக்கைப் பிடித்தது யார் என்று நானும் வெகுகாலம் கேட்டதில்லை.

கூரையில் ஆடியவர்களுக்கு வாய்த்த அந்த மெதுவான ஓட்டம் சும்மா வந்ததல்ல. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே சில இடங்களில் 12.5 அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். வெறும் சக்கரத்தை நம்பினால் வழுக்கும். அதனால் 1899-இல் குன்னூர் வரை வண்டி விட்டபோதே ‘ஆப்ட்’ முறைப் பல்பட்டைகளைப் பதித்தார்கள். இரண்டு பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருப்பதால் பிடி ஒரு கணமும் விடுபடாது. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களை உருட்டும், இரண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரு ஜோடி செலவழித்து அனுப்பும் நீராவியையே அடுத்த ஜோடி வாங்கி வேலை செய்கிறது.

ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் மண் சரிந்து கிடந்தாலும் யானை நின்றாலும் ஓட்டுநருக்கு நேராகத் தெரியாது. அவருடைய கண் பெட்டிக்கு ஒருவராக முன்மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள்தான். முதல் பெட்டிக்காரர் கொடி காட்டினால் அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர் எனச் செய்தி கைமாறிப் பின்னால் போகிறது. என் பெட்டிக்காரர் வளைவுக்கு வளைவு இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே செல்போனை நீட்டிய இளைஞனிடம், “தம்பி, கையை உள்ள எடுங்க, பாறை வருது” என்றார். சொல்லி முடிக்கவும் பாறை உரசாத குறையாகக் கடந்தது.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கிறது. பயணிகள் டீக்கும் வடைக்கும் இறங்கினார்கள். பிரேக்ஸ்மேன் குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தார்.

என்னை இந்த ரயிலுக்கு இழுத்துவந்த ‘தைய தையா’ 2002-இல் லண்டன் மேடையேறியது. ஜூன் 19 அன்று அப்போலோ விக்டோரியா அரங்கில் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ இசைநாடகம் தொடங்கியது. இசை ரஹ்மான், பாடல் வரிகள் டான் பிளாக், கதைவசனம் மீரா சியால், தயாரிப்பு ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். ‘லயன் கிங்’ மாதிரி ஒரு படத்தை அப்படியே இசைநாடகம் ஆக்கியதல்ல இது. சினிமாக் கனவு காணும் குடிசைப் பகுதி இளைஞனின் புதுக் கதை. அதற்குள் படங்களில் ஏற்கெனவே ஒலித்த மெட்டுகள் வந்தன. ‘முதல்வன்’ படத்து ‘ஷக்கலக்க பேபி’க்கு மேடையிலேயே நீரூற்றுப் பீய்ச்சினார்கள். ‘தைய தையா’வும் இருந்தது. அந்தோணி வான் லாஸ்ட்டுடன் சேர்ந்து நடனம் அமைத்தவர் ரயில் கூரையில் ஆடவைத்த அதே ஃபாரா கான். நடிகை ராணி வேடத்தில் ஆயிஷா தார்க்கர். சந்தோஷ் சிவன் இயக்கிய ‘டெரரிஸ்ட்’ தமிழ்ப் படத்தின் நாயகி.

அந்த அரங்குக்கு ரயில் புதிதல்ல. 1984 முதல் 2002 ஜனவரி வரை அங்கே ஓடியது வெப்பரின் ‘ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்’. நடிகர்கள் காலில் உருளைச் சக்கரம் கட்டிக்கொண்டு ரயில்களாகவே வருவார்கள். டீசலையும் மின்சாரத்தையும் எதிர்த்து ஓடி ஜெயிக்கும் நாயகன் ரஸ்டி ஒரு நீராவி எஞ்சின். அது முடிந்த சில மாதங்களில், நிஜ நீராவி ரயிலின் மேல் படமான பாட்டு அதே மேடைக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

சினிமா ஒருமுறை எடுத்தால் போதும். மேடையில் அதே ஆட்டத்தை ஒவ்வொரு மாலையும் முதலிலிருந்து ஆட வேண்டும், கால் தவறினால் இரண்டாவது டேக் கிடையாது. ‘பாம்பே ட்ரீம்ஸ்’ லண்டனில் இரண்டு ஆண்டு அப்படி ஆடியது. பிரேக்ஸ்மேனின் வேலையும் அந்த இனம்தான். நேற்று பத்திரமாக இறங்கியது இன்றைய வளைவுக்குக் கணக்கில்லை. நடனக்காரர்களுக்காவது கைதட்டல் உண்டு. இவர்களைப் பயணிகளின் படங்களில்கூட ஓரத்தில் வெட்டுப்பட்டுத்தான் பார்க்கிறோம். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக ஏற்றது பாதையையும் பாலங்களையும் மட்டும் அல்ல, இந்தக் கைகளையும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். இனி ஊட்டி வரை பல்பட்டை இல்லை. கழன்ற எஞ்சின் லோகோ ஷெட்டுக்குப் போகிறது. அங்கே காற்றே எண்ணெயும் சூடான இரும்புமாக மணக்கிறது. இந்த ரக எஞ்சின் முதலில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டது. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையே புது நீராவி எஞ்சின்களைச் செய்து மலைக்கு அனுப்பியது. ஷெட்டில் ஒரு ஃபிட்டர் சுத்தியலால் போல்ட்டைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். சத்தத்திலேயே தளர்வு தெரிந்துவிடுமாம்.

மதியம் இறங்கும் வண்டி தயாரானது. இப்போது எஞ்சின் முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கிப் பிடிக்கும். பெட்டிக்குள் பிள்ளைகள், சுரங்கம் எப்போது வரும், எப்போது கத்தலாம் என்று துடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்த்த பிரேக்ஸ்மேன் மேடையேறினார். கொடிகளைக் கம்பியில் செருகினார். பிரேக் சக்கரத்தை ஒருமுறை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கிப் பார்த்தார்.