பூச்சி போன பல்

சென்ற வாரம் என் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுத வேண்டிய நேரத்தில் பல்லைப் பற்றி எழுதுவதை நண்பர்கள் பொறுத்தருள்க.

எட்டு மாதங்களுக்கு முன் அப்பல் வலிக்கத் தொடங்கியது. தில்லியில் என் விடுதிக்கு அருகிலிருந்த பல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ‘கீடா லக் கயா ஹை’ என்றார். பூச்சி பிடித்துவிட்டது என்று பொருள். ரூட் கெனால் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். அன்றிரவு தொலைபேசியில் ஆச்சியும், “பல்லுல பூச்சி விழுந்திருக்கும் ஐயா, கண்டங்கத்தரி வித்தைப் புகைச்சா வெளிய வந்துரும்” என்றார். “பூச்சியெல்லாம் இல்ல ஆச்சி, அது பாக்டீரியா” என்று படித்த செருக்கில் திருத்தினேன்.

உதவித்தொகை நான்கு மாதங்களாக வந்திருக்கவில்லை. வலிமாத்திரைகளோடு நாட்களைக் கடத்தினேன். இரண்டு வாரங்களில் வலி தானாகவே நின்றது. பல்லை மறந்துவிட்டேன். ஆனால் மருத்துவரும் ஆச்சியும் சொன்ன அந்த ஒரே சொல்லை மறக்க முடியவில்லை.

தேடியபோது அச்சொல்லின் வயது வியப்பளித்தது. பாபிலோனியரின் ஆப்பெழுத்துப் பலகை ஒன்றில் புழு தெய்வங்களின் முன் அழுது உணவு கேட்கிறது. பழுத்த அத்திப்பழத்தை மறுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இடம் வேண்டுகிறது. சுசுருத சங்கிதை சொத்தைப்பல்லைக் ‘கிருமிதந்தகம்’ என்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் ஹென்பேன் என்னும் நச்சுச்செடியின் விதையைச் சுட்டு வாயில் புகை பிடித்தார்கள். சூட்டில் வெடித்த விதையிலிருந்து நூல்போல் வெளிவந்த முளையையே செத்து விழுந்த புழு என்று நம்பினார்கள். ஆச்சியின் கண்டங்கத்தரிப் புகை எத்தனை பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது!

1728இல் பாரிசில் பியேர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கெனத் தனிப் பெருநூல் வெளியிட்டபோது, அத்தகைய புழுவைத் தாம் கண்டதில்லை என்று எழுதினார். 1890இல் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் மில்லர், நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குவதையும், அவ்வமிலம் பல்லைக் கரைப்பதையும் விளக்கி நூல் வெளியிட்டார். புழு போயிற்று, பெயர் மட்டும் தங்கியது. தில்லி மருத்துவரின் ‘கீடா’ வெறும் மரபுச்சொல், அதனால் தீங்கில்லை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

சென்ற மாதம் தாடை வீங்கியது. மீண்டும் அதே மருத்துவர். “வலி நின்றபோது நோய் நின்றுவிட்டது என்று நினைத்தீர்களா? அன்றுதான் பல்லின் நரம்பு செத்தது” என்றார். வலியை உணர நரம்பு இல்லாததால், தொற்று ஓசையின்றி வேர் வழியாக எலும்புக்கு இறங்கியிருந்தது. பல்லைக் காப்பாற்றும் நிலை கடந்துவிட்டது.

அந்த நாற்காலியில் கிடந்தபோதுதான் புகைச் சிகிச்சை ஏன் இத்தனை காலம் பிழைத்தது என்பது எனக்கு விளங்கியது. புகை பிடித்தவர்களில் பலருக்கும் சில நாட்களில் வலி நின்றிருக்கும். நரம்பு செத்ததைப் பூச்சி வெளியேறியதாகக் கொண்டாடியிருப்பார்கள். நானோ ‘பாக்டீரியா’ என்று சரியான சொல்லைச் சொல்லிக்கொண்டே, வலி போனால் வந்தது போய்விட்டது என்ற பழைய நம்பிக்கையில்தான் எட்டு மாதம் வாழ்ந்திருக்கிறேன். கலைச்சொல்லை மாற்றிக்கொண்டேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

நேற்று ஆச்சியிடம் சொன்னேன். “பூச்சி போயிட்டா?” என்று கேட்டார். “பல்லோட போயிட்டு ஆச்சி” என்றேன். இம்முறை திருத்தவில்லை.

விடுதிகளில் வலிமாத்திரையோடு நாள் கடத்தும் ஆய்வாள நண்பர்களே, வலி தானாக நின்றால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பிறமொழி நண்பர்கள் இந்நோயை உங்கள் வீட்டில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்று கீழே எழுதுங்கள். பூச்சி எங்கெங்கு வாழ்கிறது என்று பார்ப்போம்.