உஸ்மான் சாலையில் ஒரு கேள்வி

நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருந்தன. எங்கள் மத்ரஸாவில் தங்கிப் பயிலும் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதற்காக, பன்னிரண்டு வயது மாணவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு தியாகராய நகர் சென்றிருந்தேன். பேருந்திலிருந்து இறங்கி நெரிசலுக்குள் நுழைந்ததும், பெயர்ப் பலகை ஒன்றை அண்ணாந்து பார்த்த அந்தப் பிள்ளை கேட்டார்:

"ஹஸ்ரத், இது கலீஃபா உஸ்மான் (ரலி) அவங்க பேரிலே உள்ள ரோடா?"

"இல்லை தம்பி. இவர் வேறோர் உஸ்மான்" என்றேன்.

"அவங்க யாரு? என்ன செஞ்சாங்க?"

எனக்கு விடை தெரியவில்லை. நகை வாங்கவும் புடைவை வாங்கவும் நாள்தோறும் எத்தனையோ ஆயிரம் பேர் உச்சரிக்கும் பெயர் அது. நானும் இருபத்தைந்து ஆண்டுகளாக உச்சரித்து வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பி.ஏ. பட்டத்தைச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பவன் நான். "பெருநாள் கழித்துச் சொல்கிறேன்" என்று அன்று தப்பித்துக்கொண்டேன்.

பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தபோது என் வெட்கம் இருமடங்காயிற்று. சர் முஹம்மது உஸ்மான், நான் பட்டம் பெற்ற அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். 1934ஆம் ஆண்டு மே முதல் ஆகஸ்ட் வரை சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பு வகித்தவர். 1940 முதல் 1942 வரை, தாம் பயின்ற பல்கலைக்கழகத்திற்கே துணைவேந்தராக விளங்கியவர். 1960இல் மறைந்தார்.

ஆயினும் என் மனத்தில் ஆழப் பதிந்தது இப்பதவிகளன்று. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921இல் சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் உஸ்மான். வைத்தியர்களிடமும் ஹகீம்களிடமும் கருத்துக் கேட்டு 1923இல் அறிக்கை அளித்தது அக்குழு. அதன் பயனாகவே ஓரிரு ஆண்டுகளில் இம்மூன்று முறைகளையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் தோன்றிற்று. குழுவின் செயலாளராக உழைத்தவர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. மேனாட்டு மருத்துவம் கற்றவராயிருந்தும் நாட்டு மருத்துவத்தின் பக்கம் நின்ற அவர், பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் விளங்கினார். குழுவை அமைத்த காலத்தில் முதல் அமைச்சராயிருந்தவர் பனகல் அரசர். அவரும் இப்பல்கலைக்கழகத்தின் பட்டதாரியே. அவர் பெயர் தாங்கிய பூங்கா, உஸ்மான் சாலைக்கு அருகிலேயே இருக்கிறது. ஒருங்கே பணிபுரிந்தவர்கள், மறைந்த பின்னும் அண்டை வீட்டார்போல் இருக்கின்றனர். அவர்களைக் கடந்து செல்லும் நமக்குத்தான் அவர்களைத் தெரியவில்லை.

பெருநாள் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் தனியே புறப்பட்டேன். இவர்களைப் போன்று கற்றுத் தேர்ந்து மறைந்த பிறரையும், அவர்கள் வாழ்ந்த பகுதிகளுக்கே சென்று அறிய வேண்டுமென்ற ஆவல்.

தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அஹமது சயீத் மகளிர் கல்லூரியின் வாயிலில் முதலில் நின்றேன். எஸ்.ஐ.இ.டி. கல்லூரி என்றால்தான் இன்றும் பலருக்குப் புரியும். வழக்கறிஞராயிருந்து சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான மர்ஹூம் பஷீர் அஹமது சயீத் அவர்களின் முயற்சியால், தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளை 1955இல் தொடங்கிய கல்லூரி இது. பருவமெய்திய பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்புவதற்கே நம் குடும்பங்கள் பல தயங்கிய காலம் அது. என் தமக்கை இங்குப் பயின்றவர். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. இன்று எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வதை யாரும் வியப்பதில்லை. அந்தக் கடனை எண்ணியபோது, வாயிலைக் கடந்து செல்லக் கால் வரவில்லை. அங்கேயே நின்று அன்னாருக்காகத் துஆச் செய்தேன்.

அங்கிருந்து மயிலாப்பூர். சமஸ்கிருதக் கல்லூரியின் பழைய கட்டடம் 1906இல் அதை நிறுவிய வி. கிருஷ்ணசாமி ஐயரை நினைவூட்டிற்று. அவரும் சென்னையில் பயின்று வழக்கறிஞரானவர். ஏழைகளுக்கு இலவச மருந்தளிக்க 1905இல் வேங்கடரமணா வைத்தியசாலையைத் தொடங்கியவர். 1906இல் ஆங்கிலேயரின் அர்பத்நாட் வங்கி முறிந்து, எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்து கண்ணீர் வடித்தன. நம்மவர் பணத்தை நம்மவரே காக்கவேண்டுமென்று முன்னின்றோருள் அவர் முதன்மையானவர். 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அரசியலில் தம்மோடு மாறுபட்ட பாரதியாரின் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு வழங்கிய பெருந்தன்மையும் அவருடையதே. நாற்பத்தெட்டாம் வயதில், 1911இல் மறைந்தார். கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை முன் அவருடைய சிலை நிற்கிறது. பட்டம் வாங்கச் சென்ற அன்று அதனருகே நின்று நானும் படம் எடுத்துக்கொண்டேன். யாருடைய சிலை என்று கேட்கத் தோன்றவில்லை.

மயிலாப்பூரில் நடந்து செல்கையில் வேறொரு நினைவும் என்னை வருத்திற்று. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வகுப்புப் பழைய மாணவர்கள் அவ்வூரில் ஒரு மண்டபத்தில் கூடினோம். காலமான தோழர் ஐவரின் பெயர்களை ஒருவர் வாசித்தார். ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு உணவுக்கு அமர்ந்துவிட்டோம். ஐவருள் ஒருவருடைய மகன் வந்திருந்தார். என்னிடம் வந்து, "மாமா, அத்தா படிக்கும்போது எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார். "ரொம்ப நல்ல மனுஷர், தம்பி" என்றேன். அவர் சிறிது நேரம் காத்து நின்றார். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

பேருந்து அடையாற்றுப் பாலத்தைக் கடந்தது. அடையாறு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் ஊர். புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடியவர். அம்முறையிலிருந்து மீண்ட பெண்களுக்குப் புகலிடமாக 1930இல் அவர் தொடங்கிய அவ்வை இல்லம் இங்கே இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை அவர் மறக்கவில்லை. அத்துயரமே 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1968இல் அவர் மறைந்தார். நான் சென்ற மாலையில், வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் பையும் பாத்திரமுமாக வாயிலருகே அமர்ந்திருந்தன. அவர்களுள் நம் சமுதாயத்தாரும் இருந்தனர். மனிதன் மறைந்த பின்னும் முடிவுறாத நன்மைகள் உண்டென்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். நிலையான தருமம், பயன் தரும் கல்வி என்று வரிசையாக ஒப்பிக்கச் சொல்கிறேன். அப்பாடத்தின் பொருளை அவ்வாயிலில் கண்ணெதிரே கண்டேன்.

அன்றிரவு என் பட்டச் சான்றிதழை நிமிர்ந்து பார்த்தேன். இறுதியாண்டில் மஞ்சள் காமாலை கண்டு இரண்டு மாதம் நான் படுத்துவிட்டேன். மறைந்த அந்தத் தோழர்தாம் வகுப்பில் எழுதும் குறிப்பின் அடியில் கார்பன் தாளை வைத்து எனக்கும் ஒரு படி எடுத்து, வாரந்தோறும் அனுப்பினார். எவரிடமும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. அவர் இல்லையேல் அந்தச் சட்டத்திற்குள் தாளே இல்லை. சுவரில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

பெட்டியைத் துழாவினேன். நீல எழுத்து மங்கிய தாள்கள் இரண்டு கிடைத்தன. ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றொன்றை அவர் மகனுக்கு நான்கு பக்கக் கடிதத்தோடு அனுப்பினேன். மண்டபத்தில் அவர் காத்து நின்றது இதற்காகத்தான்.

மறுநாள் பாடம் முடிந்ததும், அந்தப் பிள்ளையை அழைத்து உஸ்மான் யார் என்று சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் பலகையிலே எழுதலாமே, ஹஸ்ரத்?" என்றார்.

பலகையில் பெயருக்குத்தான் இடம் உண்டு. மற்றதை நாம்தாம் சொல்லியாக வேண்டும். வாசக அன்பர்களே, உங்கள் குடும்பத்திலும் முதன்முதலாகக் கல்லூரி சென்ற ஒருவர் இருந்திருப்பார். அவர் யாரிடம் பயின்றார், யாருக்கு உதவினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இவ்வாரமே கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். சொல்லக்கூடியவர்களும் ஒருநாள் மறைந்துவிடுவார்கள்.