பசை ஒட்டிய பக்கங்கள்

எங்கள் வாப்பாவுக்குக் காத்தான்குடியில் ஒரு சில்லறைக்கடை இருந்தது. சரை சுற்றுவதற்கென்று பழைய பேப்பர்களைக் கட்டுக்கட்டாக வாங்கிப்போடுவார். அதற்குள் இந்தியச் சஞ்சிகைகளும் கிடக்கும். வாசிப்பில் பைத்தியமாக இருந்த எனக்கென்று நாலைந்தை எடுத்து வருவார். தருவதற்கு முன்னால் ஒரு வேலை செய்வார். நடிகைகளின் படம் இருக்கும் பக்கங்களின் மேல் கடைக் கணக்குக் கொப்பியின் தாளைக் கிழித்து, சோற்றுப் பசையால் ஒட்டிவிடுவார். நான் அதை யன்னலில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். பருப்பு, சீனிக் கணக்குகளுக்குப் பின்னால் அந்தப் படம் மங்கலாகத் தெரியும்.

வாப்பா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பசைச் சட்டியை எனக்கு மறுபடி ஞாபகப்படுத்தியது மகளின் போன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் மகளுக்கென்று ஒரு போன் வாங்கி அனுப்பினார். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. போன் வரும்போதே அதற்கு ஒரு பூட்டும் வந்தது. கூகுளின் ஃபேமிலி லிங்க் என்று பெயர். பிள்ளை எந்தச் செயலியைப் புதிதாக இறக்கக் கேட்டாலும் பெற்றோரின் போனுக்கு அனுமதி கேட்டுப் போகும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்குப் போன் தூங்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கிருந்தே தீர்மானிக்கலாம். அந்தப் பெற்றோர் போன் கட்டாரில் இருந்தது. இங்கே இரவு பத்து மணிக்கு மகள் ஒரு அகராதி கேட்டால் அங்கே ஏழரை. அவர் வேலை முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் இருக்கும் உம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அனுமதி கடல் கடந்து வரவேண்டும்.

வீட்டுக்கு வைஃபை எடுத்த பிறகு இன்னொரு பூட்டையும் போட்டோம். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அது எங்கே இருக்கிறது என்று போன் முதலில் ஒரு முகவரிப் புத்தகத்தைக் கேட்கிறது. கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று ஒரு முகவரிப் புத்தகத்தை இலவசமாகத் திறந்தது. ஆபாசத் தளங்களின் முகவரியைக் கேட்டால் அது கொடுக்காது. ரவுட்டரில் 1.1.1.3 என்று மாற்றினால் போதும். கணவர் வீடியோ அழைப்பில் சொல்லச் சொல்ல நானே மாற்றினேன். அன்று எனக்கு ஒரு என்ஜினியரின் பெருமை.

ஓட்டைகள் பிறகுதான் தெரிந்தன. வீட்டு வைஃபையை விட்டு டேட்டாவுக்குப் போனால் அந்தப் புத்தகம் கூட வராது. அது தளத்தின் பெயரைத்தான் பார்க்கும். யூடியூப்புக்குள் என்ன ஓடுகிறது, வட்ஸ்அப்பில் யார் என்ன எழுதுகிறான் என்பது அதற்குத் தெரியாது. இங்கிலீஷில் தேடினால் மறைபடும் விஷயம், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் சிரித்துக்கொண்டு வந்து நிற்பதை நானே பரீட்சித்துப் பார்த்தேன். ஆனால், சுகாதாரப் பாடத்துக்காகக் கட்டிளமைப் பருவம் பற்றி மகள் தேடியபோது ஒரு நல்ல பக்கம் திறக்க மறுத்துவிட்டது. "இத வாப்பாக்கிட்டயா கேக்குற?" என்று முகம் சிவந்தாள். பாட அப்பியாசத்தைக் காட்டி நானே விளங்கப்படுத்தியிருக்கலாம். "பொறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

பூட்டு இருக்கிறதுதானே, நான் ஏன் பேச வேண்டும் என்ற நிம்மதி அது.

சென்ற வருடம், அவளுக்குப் பதினாலு வயதில், ஒரு நாள் போனைத் தானாகவே கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்தாள். "எனக்கு வாணாம் உம்மா. படிக்கிற குழம்புது" என்றாள். அன்றிரவே கணவருக்கு அழைத்துச் சொன்னேன். நம் வளர்ப்பு என்று இருவரும் மகிழ்ந்தோம். குடும்பத்தில் நாலு பேருக்குப் பெருமையாகவும் சொல்லிவைத்தேன்.

இரண்டு கிழமைகள் போயின. ஒரு பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மகன் தண்ணீரில் கல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். என் கைப்பைக்குள் போன் 'டிங்' என்றது. மகளின் தோள் திடுக்கிட்டுத் தூக்கிப்போட்டது.

அந்தத் தோளை எனக்குத் தெரியும். எனக்குப் பதின்மூன்று வயதில், பள்ளிக்கூடம் போகும் ஒழுங்கையில் ஒருவன் தினமும் நிற்பான். கல்யாணம் முடித்தவன், எல்லோரும் மரியாதை செய்பவன். நான் கடந்துபோகும்போது மெல்லிய குரலில் சொல்லத் தகாததைச் சொல்வான். சைக்கிள் மணி கேட்டாலே என் உடம்பு அப்படித்தான் பதறும். வாப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனை ஏசுவாரோ இல்லையோ, என் படிப்பை நிறுத்திவிடுவார் என்பது நிச்சயம். அந்த வயதில் அப்படி நிறுத்தப்பட்ட கூட்டாளிகள் எனக்கு இருந்தார்கள். படங்களின் மேல் அத்தனை கவனமாகப் பசை தடவிய வாப்பாவுக்கு, அந்த ஒழுங்கையைப் பற்றிக் கடைசிவரை தெரியாது.

யாருக்கும் சொல்லாத அந்தக் கதையை அன்று மகளுக்குச் சொன்னேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"செல்லுறன் உம்மா. போன எடுத்துருவீங்களா? டியூசன நிப்பாட்டுவீங்களா?"

டியூசன் வகுப்பொன்றின் வட்ஸ்அப் குழுவிலிருந்து அவளுடைய நம்பரை எடுத்திருக்கிறான் ஒருவன். முதலில் பழைய வினாத்தாள்கள் அனுப்பியிருக்கிறான். பிறகு நலம் விசாரிப்பு. பிறகு படம் கேட்டிருக்கிறான். கொடுக்காவிட்டால் கொடுத்ததாக ஊருக்குச் சொல்வேன் என்றிருக்கிறான். ஆபாசத் தளம் ஒன்றையும் அவள் திறக்கவில்லை. எங்கள் இரண்டு பூட்டுகளும் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மனிதன் நடந்து வந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் என் விரல் எல்லாவற்றையும் அழிக்கத்தான் போனது. அது எங்கள் ஊர் பழகிய பழக்கம். 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு, அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியிருந்த அந்த நாட்களில், தேடுதல் பயத்தில் குற்றமில்லாத கல்யாண வீடியோக்களைக்கூட அழித்தவள் நான். இம்முறை மகள் கையைப் பிடித்தாள். "அழிச்சா நாம செல்லுறத யாரு நம்புவாங்க?" எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே அவனைத் தடுத்தோம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு நானே அழைத்தேன். வகுப்பு ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். குழுவில் இருந்த முகந்தெரியாத நம்பர்கள் நீக்கப்பட்டன.

கஷ்டமாயிருந்தது கட்டாருக்குச் சொல்வதுதான். "போனப் புடிச்சி ஆத்துல எறி. டியூசனும் வாணாம்" என்றார். அந்தக் குரலில் என் வாப்பா இருந்தார். "எறிஞ்சா இனி நம்மளுக்கிட்ட ஒண்டும் செல்லமாட்டா" என்றேன். இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளைக் கூப்பிடச் சொன்னார். "பயந்துட்டியா மகள்?" என்று கேட்டதும் அழுதது அவர்தான்.

பூட்டுகளை நான் கழற்றவில்லை. மகனுக்கு இப்போது ஒன்பது வயது, அவனுக்கு அவை தேவை. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை வந்திருக்கிறது. ஒரு நாடே வேலி கட்டுகிறது. கட்டட்டும். ஆனால் வேலிக்குள்ளே நடப்பதைப் பிள்ளை வந்து சொல்வதற்கு வீட்டில் ஒரு இடம் வேண்டும். சொன்னதற்குத் தண்டனையாகப் போனும் படிப்பும் பறிபோகும் வீட்டில் எந்தப் பிள்ளையும் சொல்லாது. நான் சொல்லவில்லையே.

இப்போது அனுமதி கேட்டு வருவது என் போனுக்குத்தான். மகளின் வட்ஸ்அப்பில் தெரியாதவர்கள் அவளைக் குழுக்களில் சேர்க்காதபடி மாற்றியிருக்கிறோம். மாற்றியது அவள், பக்கத்திலிருந்து பழகியது நான். கட்டிளமைப் பருவப் பாடத்தையும், பிந்தியென்றாலும், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே நானே சொல்லிக்கொடுத்தேன். இருவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. துருவி முடிந்தபோது வெட்கமும் பாதி முடிந்திருந்தது.