அந்தச் சாயங்காலப் புகை வாசம்

1/
உங்க சின்ன வயசுத் தெருவை நினைச்சா முதல்ல என்ன ஞாபகம் வருது? சிலருக்குத் திண்ணை. சிலருக்கு அடிபம்பு. சிலருக்கு ஐஸ் வண்டி மணி. எனக்கு வருவது ஒரு வாசம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்க காம்பவுண்டில் எட்டு வீட்டு விறகடுப்பையும் மூட்டும்போது கிளம்பும் புகை வாசம்.

நாற்பது வருஷமா அதை என் சந்தோஷத்தின் வாசம்னு நினைச்சிருந்தேன். இப்போ அவ்வளவு சுலபமாச் சொல்ல முடியலை. ஏன்னு எழுதறேன். கொஞ்சம் நீளம்தான். உங்க அம்மாவையும் பாட்டியையும் மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

2/
மதுரைக்காரங்களுக்குத் தெரியும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்கா வீதிகள். கோயிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே வந்தா சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியா வெளி வீதி. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். அந்த மாசி வீதிக்குப் பின்னாடி போகிற சந்துகளில் ஒன்றில்தான் எங்க வீடு. கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் மிளகாய் மூட்டை இறக்கினால் எங்க சந்தே தும்மும்.

3/
வீடுன்னா தனி வீடு இல்லை. காம்பவுண்டு வீடு. ஒரு நீள நடை, இரண்டு பக்கமும் நாலு நாலு குடித்தனம். ஒரு கிணறு, ஒரு அடிபம்பு, இரண்டு கக்கூஸ். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு முன்னறை, ஒரு அடுப்படி. அடுப்படின்னா நாலு பேர் சேர்ந்து நிற்க முடியாத இடம். மூலையில் அங்கணம், மேலே விறகு அடுக்கிய பரண், சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு ஜன்னல். புகைபோக்கி கிடையாது. புகை தானா வழி தேடிப் போகணும்.

4/
சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து பையைப் போட்டதுமே அம்மா சொல்வார்: "போங்கடா, வெளிய போய் விளையாடுங்க. கூப்பிடுற வரைக்கும் உள்ள வராதீங்க." எட்டு வீட்டிலும் இதே கதைதான். எந்த ஊர்ல அம்மாக்கள் புத்தகத்தைத் தூக்கி வச்சுட்டு விளையாடப் போன்னு விரட்டுவாங்க? நாங்க குடுத்து வச்சவங்கன்னு நினைச்சுக்குவோம்.

சந்துல கில்லி, கோலி, பம்பரம். ஓட்டுக் கூரை இடுக்கு வழியா எட்டுப் புகை மெல்ல மேலே ஏறி ஒண்ணாச் சேரும். கொஞ்ச நேரத்தில் எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் வெங்காய சாம்பார்னு மூக்கு சொல்லிடும். அப்புறம் எட்டு வாசலில் இருந்து எட்டுக் குரல்: "டேய், வாங்கடா சாப்பிட."

5/
வாசம் ஏன் இவ்வளவு ஆழமாப் பதியுது? பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்கிற சந்திப்பு நிலையம் வழியாகத்தான் மேலே போகும். வாசனை மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கான அமிக்டலா, நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் இரண்டுக்கும் நேராகவே போய்விடும் குறுக்குவழி வைத்திருக்கிறது. அதனால்தான் எங்கோ ஒரு கிராமத்துப் பக்கம் காரில் போகும்போது விறகுப் புகை மூக்கில் பட்டால், நான் ஒரு நொடியில் பத்து வயசுப் பையனா அந்தச் சந்தில் நிற்கிறேன்.

6/
இனி அம்மாவுக்கு வருவோம். சில வருஷங்களுக்கு முன்னாடி, அம்மாவுக்கு அறுபத்தேழு வயசு. கோயிலுக்குப் போனால் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே அம்மனக் கும்பிட்டுக்கிறேன்." போனில் பேசும்போது பாதி வாக்கியத்தில் ஒரு நிறுத்தம். காலையில் வெள்ளைச் சளியோடு இருமல். கேட்டால் ஒரே பதில்: "வயசாச்சுல்ல."

மகன் டாக்டர். மகன் என்ன செய்தான்? "ஆமாம்மா, வெயிட் கொஞ்சம் குறைங்க" என்றான்.

7/
கொஞ்சம் கூச்சத்தோடதான் இதை எழுதறேன். நெஞ்சுச் சளி, மூச்சு வாங்கல்னு வரும் ஆண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி "பீடி, சிகரெட் உண்டா?" எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்குப் போட்டு எழுதுவேன். பெண்கள் வந்தால் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று நானே நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். என் அம்மா விஷயத்தில் அந்தக் கட்டமே மனசில் வரவில்லை. ஒரு குளிர்காலத்தில் வீசிங் அதிகமாகி ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்கிய பிறகுதான் நுரையீரல் மருத்துவரான என் சீனியரிடம் கூட்டிப் போனேன்.

8/
அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுக்கும் முன்னாடி கேட்ட கேள்வி: "அம்மா, விறகடுப்புல எத்தனை வருஷம் சமைச்சீங்க?"

அம்மா விரல் விட்டு எண்ணினார். மேலூர் பக்கம் கிராமத்தில் பதினோரு வயசில் அடுப்பு ஊத ஆரம்பித்தது. கல்யாணம் ஆகி மதுரைக்கு வந்தும் விறகடுப்பு. நடுவில் உமி அடுப்பு, மரத்தூள் அடுப்பு. ரேஷன் மண்ணெண்ணெய் காலையில் காப்பிக்கு மட்டும். கேஸுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, சிலிண்டர் வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு முப்பத்தெட்டு.

"இருபத்தேழு வருஷம் இருக்கும் தம்பி."
"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடுப்பு முன்னாடி?"
"காலைல, மதியம், ராத்திரி, வெந்நீர், எல்லாம் சேர்த்தா அஞ்சு மணி நேரம்."

9/
27 × 5 = 135. சிகரெட்டுக்குக் கணக்கு இருப்பது போல இதற்கும் மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதை எத்தனை வருஷம் என்பதால் பெருக்குவார்கள். எண் கூடக் கூட நுரையீரலுக்கு ஆபத்தும் கூடும். இந்தப் பெருக்கலுக்குக் கால்குலேட்டர்கூடத் தேவையில்லை. என் சொந்த அம்மாவுக்கு நான் அதைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

10/
ஊதச் சொன்னார்கள். ஸ்பைரோமெட்ரி என்கிற சோதனை. மூச்சை முழுசா இழுத்து, குழாயில் முடிந்தவரை வேகமாக ஊதணும். மொத்தமாக வெளியே வரும் காற்றில் எத்தனை சதவீதம் முதல் ஒரு நொடியிலேயே வருகிறது என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், குழாய்களில் நிரந்தர அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு 58.

சி.ஓ.பி.டி. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாத பெண்ணுக்கு.

"நல்லா ஊதினீங்கம்மா" என்றார் டெக்னீஷியன். "ஊதாங்குழல் ஊதின வாய்ப்பா இது" என்றார் அம்மா. அறையில் எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோச்சு.

11/
விறகு, வறட்டி, சுள்ளி எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு, 2.5 மைக்ரானுக்கும் சின்னத் துகள்கள் வரும். தலைமுடித் தடிமனில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியிலும் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். ஒரு நாள் போனால் கண் எரிச்சல், இருமல். இருபது, முப்பது வருஷம் தினமும் போனால் குழாய்ச் சுவர் வீங்கித் தடித்து, காற்றறைகள் அழிய ஆரம்பிக்கும். போனது திரும்ப வளராது.

வீட்டுக்குள் இருக்கும் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வரும் ஆபத்தை இந்தப் புகை கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்குகிறது.

12/
அன்னைக்கு ராத்திரி வீட்டில் அம்மாகிட்டச் சொன்னேன். "எனக்கு அந்தச் சாயந்தரப் புகை வாசம் அவ்வளவு பிடிக்கும்மா. இன்னைக்கு நினைச்சா என்னமோ மாதிரி இருக்கு."

அம்மா சொன்னார்: "உனக்கு ஏன்டா பிடிக்காது? பத்த வைக்கிறப்பதான் உங்க ரெண்டு பேரையும் வெளிய விரட்டி விட்டுருவேன்ல. ஈர விறகு, அறையெல்லாம் மூடிரும். தம்பி வேற இருமி இருமி மூஞ்சி செவந்துரும். புகை அடங்குனாத்தான் உள்ள கூப்பிடுவேன்."

எனக்கு அது தெரியவே தெரியாது. விளையாடத்தான் அனுப்பினாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வாசத்தை நான் சந்தில் நின்று, திறந்த வானத்துக்குக் கீழே மோந்தேன். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். எட்டுக் கதவுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தர் இருந்திருக்கிறார்.

13/
உடனே எனக்குக் கோபம். "என்ன வீடும்மா அது, ஒரு ஜன்னல் ஒழுங்கா இல்லை" என்று ஆரம்பித்தேன். அம்மா விடவில்லை.

"புகை மட்டும்தான் இருந்துச்சாக்கும் அங்க? உங்க அப்பா டைபாய்டுல ஆஸ்பத்திரில கெடந்த இருபது நாளு நம்ம வீட்டு அடுப்பு எரியவே இல்ல. நீங்க ஒரு வேள பட்டினி கெடந்தீங்களாடா?"

இல்லை. ஏழு வீட்டுச் சோறும் சாப்பிட்டோம். மூணாம் வீட்டு அக்கா ஊட்டின ரசம் சாதம் எனக்கே ஞாபகம் இருக்கு. அந்த இருபது நாளும் எங்களுக்காக வேறு யாரோ கூடுதலா ஒரு அரை மணி நேரம் புகையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எதிர் வீட்டு அத்தை இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். டி.பி.ன்னு சொன்னாங்க, மாத்திரை கேட்கலைன்னும் சொன்னாங்க. அது என்னவாக இருந்தது என்று இன்னைக்கு என்னால் சொல்ல முடியாது. அன்னைக்கு யாரும் அவரிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லலாம்.

14/
"அந்தக் காலத்துல மண்பானை, விறகடுப்பு, அதான் எல்லாரும் ஆரோக்கியமா இருந்தாங்க" என்று படம் போட்டு வரும் செய்திகளைப் பார்க்கிறீங்க இல்லையா? அடுத்த தடவை வந்தால், அந்தப் படத்தில் அடுப்புக்கு முன்னாடி உட்கார்ந்திருப்பது யார்னு ஒரு தடவை பாருங்க. தமிழ்நாட்டில் 2007இல் வந்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் வந்த உஜ்வாலாவும் எனக்கு மருத்துவத் திட்டங்களாகத்தான் தெரிகின்றன. ஆனால் அடுத்த சிலிண்டர் வாங்கக் காசு இல்லாமல் மறுபடி விறகுக்குப் போகிற வீடுகள் இன்னும் இருக்கு.

15/
உங்களுக்குச் சொல்ல வேண்டியது:

• வருஷக்கணக்கில் விறகில் சமைத்த அம்மா, பாட்டி, அத்தைக்கு விடாத இருமல், மாடிப்படியில் மூச்சு வாங்கல் இருந்தால் "வயசு" என்று விடாதீங்க. ஸ்பைரோமெட்ரி செய்யச் சொல்லிக் கேளுங்க. மூச்சு வாங்கலுக்கு இதய நோய், ரத்தசோகையும் காரணமா இருக்கலாம். அதையும் டாக்டர் பார்ப்பார்.
• டாக்டர் கேட்காவிட்டாலும் "இத்தனை வருஷம் விறகடுப்பு" என்று நீங்களே சொல்லுங்க.
• இன்ஹேலருக்குப் பயப்பட வேண்டாம். அது பழக்கமாகிவிடும் போதை இல்லை. மருந்து நேரா நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும்.
• இன்ஃபுளுயன்சா, நிமோகாக்கல் தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்க. மூச்சுப் பயிற்சியும் தினசரி நடையும் உதவும்.
• இன்னும் விறகுதான் என்றால், அடுப்பைத் திறந்த வெளிக்கோ ஜன்னல் பக்கமோ மாற்றுங்க. காய்ந்த விறகு மட்டும் வைங்க. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊத வேண்டாம்.

16/
அழிந்த காற்றறை திரும்பவில்லை. ஆனால் காலையும் சாயங்காலமும் இன்ஹேலர், வருஷத்துக்கு ஒரு ஊசி, தினமும் கொஞ்சம் நடை என்று அம்மா சமாளிக்கிறார். போன மாசம் பொற்றாமரைக் குளத்தை ஒரே ஒரு இடத்தில் மட்டும் உட்கார்ந்து சுற்றி வந்தார்.

திரும்பும்போது பழைய சந்து வழியா வரணும்னு கேட்டார். காம்பவுண்டு இல்லை. அங்கே இப்போ ஒரு குடோன் நிற்கிறது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஷட்டருக்கு இடது ஓரம் கையைக் காட்டினார். "இங்கதான்டா நம்ம அடுப்படி."

அங்கே போய் நான் எத்தனை நிமிஷம் நின்றிருப்பேன் என் சின்ன வயசில்? யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகம் வரலை.

இன்னைக்கு உங்க அம்மாவிடம் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "எத்தனை வயசுல இருந்தும்மா விறகடுப்பு?" அவங்க விரல் விட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாம கேளுங்க.