வேனை ஓரங்கட்டச் சொல்லும் ஆம்பூர் சாலை

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி ஆம்பூரை நெருங்கும்போது, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஊர் வந்துவிட்டது தெரியும். முதலில் தோல் வாடை. ஊருக்குள் நுழைந்ததும் சீரகச் சம்பா பிரியாணி வாசனை.

இந்தச் சாலையில் வேன்களுக்குக் குறைவே இல்லை. ஒன்றில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள். ஒன்றில் உப்பு போட்ட ஆட்டுத் தோல். இன்னொன்றில் மூட்டை மூட்டையாக ஷூவின் மேல்பாகம். 'அப்பர்' என்பார்கள். சுற்றுக் கிராமங்களில் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து அதைக் கையால் தைத்துக் கொடுப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அதைக் கொடுப்பவர் இடைத்தரகர். பெரும்பாலும் ரொக்கம்தான்.

அதனால் இங்கே தேர்தல் தேதி அறிவித்தாலே டிரைவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். திருப்பத்துக்குத் திருப்பம் பறக்கும் படை. "வண்டிய ஓரமா நிறுத்துப்பா" என்று கை காட்டுபவர் போலீஸ்காரர். ஆனால் படைக்குத் தலைவர் அவரல்ல, நிர்வாக நடுவர் அதிகாரம் கொண்ட அதிகாரி. சோதனை முழுவதும் வீடியோவில் பதிவாகும். பெண்களின் கைப்பையைப் பெண் அதிகாரி இல்லாமல் திறக்கக் கூடாது என்பதும் விதி.

50,000 ரூபாய் வரம்பு எல்லோருக்கும் தெரியும். தேர்தல் ஆணையத்தின் வழிமுறையில் அந்த வரம்பு வேட்பாளர், அவரது முகவர், கட்சிக்காரர்கள் வரும் வண்டிகளுக்கு என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. சாலையில் அது ஆட்டு வியாபாரியின் மடியில் இருக்கும் பணத்துக்கும் சேர்த்துத்தான்! வங்கியில் எடுத்ததற்கான சீட்டு இருந்தால் வண்டி நகரும். கறிக்கடை கறிக்கடையாக ஏறி இறங்கித் தோல் வாங்குபவர் சீட்டுக்கு எங்கே போவார்?

2019-ல் இந்தத் தொல்லை இரட்டிப்பானது. ஏப்ரல் 18-ல் நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல், இரண்டே நாள் முன்பு, 16-ம் தேதி ரத்தானது. வருமான வரித் துறை சோதனையில் 11 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியதுதான் காரணம். வாக்காளர்களுக்குப் பணம் என்ற புகாரில் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலே நின்றுபோனது நாட்டில் அதுவே முதல் முறை. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகுதிக்குள் இருக்கும் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் அதே 18-ம் தேதி நடந்தது. எம்.எல்.ஏ.வுக்கு ஏப்ரலில் மை வைத்துக்கொண்டவர்கள், எம்.பி.க்கு ஆகஸ்ட் 5-ல் மறுபடி வரிசையில் நின்றார்கள். 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது.

ஆகஸ்ட் 12 பக்ரீத். ஆடு வாங்கவும் தோல் சேர்க்கவும் கையில் பணம் புரள வேண்டிய வாரங்களில் பறக்கும் படையும் சாலைக்குத் திரும்பியிருந்தது. வேலூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் இருக்கும் பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. அங்கே பேரம் துண்டுக்குள் விரல் பிடித்து நடக்கும். காசு கைக்குக் கை மாறும். ரசீது என்ற பேச்சே அந்தச் சந்தைக்குப் புதிது.

பிடிபட்ட பணம் போனது போனதுதான் என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்திலேயே ரசீது கேட்டு வாங்கலாம். மாவட்டத்தில் இதற்கென்றே மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உண்டு. வழக்கு எதுவும் இல்லை, தேர்தலுக்கும் சம்பந்தம் இல்லை என்றால் அந்தக் குழு பணத்தை விடுவிக்க வேண்டும். வழக்கு இல்லாத பணத்தை, வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் கருவூலத்தில் வைத்திருக்கவும் கூடாது. அலைச்சல் என்னவோ அலைச்சல்தான். நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர் கலெக்டர் ஆபீஸ் படியேறினால் அன்றைய வாடகை போச்சு.

கொஞ்சம் அனுபவப்பட்ட டிரைவர்கள் ஆர்.சி., இன்ஷூரன்ஸோடு அதே பிளாஸ்டிக் கவரில் வங்கிச் சீட்டு, 'இன்ன வேலைக்கு இவ்வளவு பணம் கொடுத்து அனுப்புகிறோம்' என்ற கம்பெனிக் கடிதம், சரக்கு பில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறார்கள். கடிதம் தர கம்பெனி இருப்பவர்களுக்குச் சரி. தரகரின் சட்டைப் பையில் இருப்பதோ பெயரும் ஜோடிக் கணக்கும் பென்சிலில் எழுதிய சின்ன நோட்டு. அந்த வேன் நின்றால், அப்பர் தைத்த பெண்களுக்கு இந்த வாரக் கூலி அடுத்த வாரம்தான்.