வேணும் என்றொரு சொல்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தோரைக் கொண்டு விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு உடன் ஊழியர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார்: விசுவாசத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்றிருக்கிறது, அதை மாற்றவேண்டும்.

தூத்துக்குடியில் மாற்கு 9ஆம் அதிகாரத்தை விளக்கிப் பிரசங்கிக்க ஆயத்தம் செய்தபோது இக்கடிதம் நினைவுக்கு வந்தது. வசனத்தில் இல்லாததைச் சொல்லாதிருப்பதே விளக்கப் பிரசங்கத்தின் முதல் விதி. அவ்வகையில் சேவியரின் திருத்தம் சரியே. ஆனால் பேய் பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பனின் வாயில், 24ஆம் வசனத்தில், இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன: விசுவாச அறிக்கை, தன் அவிசுவாசத்துக்கு உதவி கேட்கும் மன்றாட்டு.

கடலுக்குப் போனவர் திரும்பும்வரை கரையைப் பார்த்திருக்கும் வீட்டார் எதிரே அமர்ந்திருந்தார்கள். ‘விசுவாசியுங்கள்’ என்று மட்டும் சொல்லி இறங்க மனம் ஒப்பவில்லை. தகப்பன் கேட்டதையும் விளக்கினேன். அவன் விசுவாசம் நிறையும்வரை இயேசு காத்திருக்கவில்லை. குறையோடு கேட்டவனின் பிள்ளையைக் குணமாக்கினார்.

பரதவர் முதலில் ஓதிய அந்தச் சொல் பிரமாணத்தில் பிழைதான். ஜெபத்தில் பிழையல்ல.