பெயராத சாட்சி

கனடாவுக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பது எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை. கையில் காசு மட்டு. போக்குவரத்துச் செலவோடு முடிந்துவிடும் இடமாக எங்களுக்கு வாய்த்தது ரொறன்ரோவின் ஹம்பர் ஆற்றங்கரை. ஓல்ட் மில் சுரங்கரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான்.

அந்தப் பக்கத்து ஆற்றங்கரையில் சாம்பல்நிறக் களிமண் பாறையும், இடையிடையே கடினமான கல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. அப்போது இந்தப் பிரதேசம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வெதுவெதுப்பான ஆழங்குறைந்த கடலின் அடியில் இருந்தது. அமைதியான காலங்களில் படிந்த சேறு களிமண் பாறையானது. புயல்கள் வாரிக்கொண்டு வந்து போட்டவை கடின அடுக்குகளாயின.

கற்பலகைகள் சிலவற்றில் வளைந்து நெளியும் கோடுகளைக் காணலாம். புழுப் போன்ற பிராணிகள் சேற்றைத் துளைத்துக்கொண்டு போன வழிகள் அவை. மகன் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள இருந்தது எங்க போட்டுது?" என்று கேட்டான். மறுமொழி தேடி நூலகத்துக்குப் போனேன்.

இவற்றைத் தடச்சுவடுகள் எனலாம். பிராணியின் உடல் மென்மையானது, அழுகிப் போய்விட்டது. அது இன்னதென்று பெரும்பாலும் சொல்ல முடியாது. ஒரே பிராணி ஊர்ந்தால் ஒரு தடம், தோண்டினால் இன்னொரு தடம். அதனால் புவிச்சரிதவியலாளர்கள் தடங்களுக்கென்றே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் ஒரு விடயத்தில் சிப்பியைவிடத் தடமே நல்ல சாட்சி. செத்த சிப்பியை அலை எங்கேயும் கொண்டுபோய் ஒதுக்கிவிடும். சேற்றில் தோண்டிய வளையை அப்படிக் கொண்டுபோக முடியாது. வளை இருக்கும் இடத்தில்தான் அந்தப் பிராணி வாழ்ந்தது.

'டிப்ளோகிராற்றீரியன்' என்ற வளை ஆங்கில 'யூ' எழுத்தின் வடிவில் இருக்கும். வாய்கள் இரண்டும் மேலே. ஆகவே பாறை தலைகீழாகப் புரண்டிருந்தாலும் எது மேற்பக்கம் என்று தெரிந்துவிடும். மேலே மணல் வந்து மூடினால் பிராணி அடித்தளத்தை உயர்த்திக்கொள்ளும். நீரோட்டம் மணலை அரித்தால் இன்னும் ஆழமாகத் தோண்டும். இரண்டுக்கும் அடையாளமாக வளைகோடுகள் குழாய்களுக்கு நடுவே நிற்கும்.

ஜேர்மன் அறிஞர் அடோல்வ் சைலாக்கர் (1925–2014), கடலின் சூழலுக்கேற்பத் தடங்களின் கூட்டமும் மாறுவதை 1960களில் எடுத்துக் காட்டினார். அலை மோதும் ஆழங்குறைந்த மணலில் நிமிர்ந்த வளைகள் மிகுதி. அமைதியான ஆழ்கடலடியில் மேய்ந்து திரிந்த ஒழுங்கான கோலங்கள் மிகுதி. கடல் வற்றிய நேரத்தில் நண்டு வளைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விளங்காத விடயமல்ல.

ஊரில் எங்கள் கிணற்றுக்கட்டில் கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன. மூன்று தலைமுறைக் கைகள் தண்ணீர் அள்ளிய தடம் அது. மகன் அதைக் கண்டதில்லை. கிணற்றைப் பற்றி அவனுக்கு நான் விபரமாகச் சொன்னது அந்த ஆற்றங்கரையில்தான்.

நீங்களும் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். கரை இடிந்து விழக்கூடும். செங்குத்தான பாறையின் கீழே நிற்கவேண்டாம். கல்லை வீட்டுக்கு எடுத்துவரவும் வேண்டாம். அடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்தால், எந்தக் கடலில் எந்தத் தளத்தில் அது வாழ்ந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.